‘வக்கீல் சார், எவ்வளவு கிடைக்கும்?’: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், இருபத்திரண்டு வருடமாக மோட்டார் வாகன விபத்து வழக்குகளை, அதுவும் அடிபட்டவர்கள் பக்கம் மட்டும், நடத்திவரும் ஒரு வழக்கறிஞர். ‘பெயரைப் போடாதீர்கள். வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பெயரைப் போட்டுப் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது விளம்பரமா இல்லையா என்று எனக்கு எதிராக நானே வாதாட வேண்டிவரும்’ என்றார். அதனால் பெயர் இல்லை.

‘ஆக்சிடென்ட் கேஸ் வக்கீல்’ என்றாலே ஆஸ்பத்திரி வாசலில் வக்காலத்து பேப்பரோடு நிற்பவர் என்றுதான் பேச்சு. கேட்டால் கோபம் வராதா? எத்தனையோ துறை இருக்க, இதை ஏன் பிடித்தீர்கள்?
(வாசகி, செவிலியர்)

கோபம் வராது. அப்படி நிற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன், நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். அடிபட்டவருக்கு மயக்கம் தெளியும் முன்பே தலையணைக்கு அடியில் விசிட்டிங் கார்டு வந்துவிடும். வைத்துவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் வக்கீலே இல்லை, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளும் புரோக்கர். பார் கவுன்சில் விதி 36 இதைத் தெளிவாகத் தடுக்கிறது. ஆனால் விதி புத்தகத்தில் இருக்கிறது, புரோக்கர் வார்டில் இருக்கிறார்.

ஏன் இந்தத் துறை என்றால், நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சீனியர் ஆபீசில் சொத்து வழக்கெல்லாம் சீனியர் மேஜைக்குப் போகும், எம்.சி.ஓ.பி. கட்டுகள் ஜூனியர் தலையில் விழும் (விபத்து இழப்பீட்டு மனுவுக்கு எங்கள் கோர்ட் பாஷையில் அதுதான் பெயர்). அப்படி விழுந்ததுதான். போகப்போக ஒன்று புரிந்தது. சொத்து வழக்கில் கட்சிக்காரர் சண்டை போடத் தயாராக வருகிறார். இங்கே வருபவர் அதுவரை கோர்ட் படி ஏறாதவர், காலையில் டிபன் பாக்ஸோடு வேலைக்குக் கிளம்பியவர். எதிரே நிற்கும் இன்சூரன்ஸ் கம்பெனியோ அதே கோர்ட்டில் அன்று மட்டும் இருபது வழக்கு நடத்துகிறது. இவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வழக்கு, அவர்களுக்கு அது ஒரு திங்கட்கிழமை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிற வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

என் கணவர் விபத்தில் இறந்துவிட்டார். வழக்கு போட்ட வக்கீல், கிடைக்கும் பணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து தனக்கு என்று எழுதிக் கையெழுத்து கேட்கிறார். போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

போடாதீர்கள்.

அமெரிக்காவில் இது சாதாரண ஏற்பாடு. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு, தோற்றால் ஃபீஸ் இல்லை. அங்கே அது சட்டப்படி சரி. நம் நாட்டில் பார் கவுன்சில் விதி 20 அதைத் தடை செய்கிறது. வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் பணத்தில் பங்கும் கேட்கக் கூடாது. 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. உங்களைப் போலவே கணவரை விபத்தில் இழந்த, தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் வக்கீல் ஃபீஸுக்காக செக் வாங்கினார், செக் திரும்பியது, அந்தப் பெண் மீதே செக் மோசடி வழக்கு போட்டார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கிடைக்கும் இழப்பீட்டில் சதவீதம் பேசுவது பொதுக் கொள்கைக்கும் தொழில் தர்மத்துக்கும் விரோதம் என்று சொன்னது.

எழுதிவிட்டேன், ஆனால் ஊரில் நடப்பது வேறு என்று எனக்கும் தெரியும். கையில் காசில்லாமல் வருபவரிடம் முன்பணம் கேட்க முடியாது, வக்கீலுக்கும் ஆபீஸ் வாடகை, குமாஸ்தா சம்பளம் இருக்கிறது, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து சதவீதத்தில் வந்து நிற்கிறார்கள். சதவீதத்தில் தப்பு என்ன என்றால், தொகை பெரிதாக இருக்கும்போது வக்கீல் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பார். இருபது லட்சத்துக்கு மூன்று வருடம் உழைப்பதைவிட, பன்னிரண்டு லட்சத்துக்கு மூன்று மாதத்தில் ராஜி ஆவது அவருக்கு லாபம். உங்களுக்கு எட்டு லட்சம் நஷ்டம்.

நான் செய்வது இது. முதல் நாளே ஒரு தொகை பேசி எழுதிக் கொடுத்துவிடுவேன். மனு போடும்போது கொஞ்சம், சாட்சி விசாரணையின்போது கொஞ்சம், மீதியைக் கட்சிக்காரர் சௌகரியப்பட்டபோது. ஜெயித்தாலும் தோற்றாலும் அதே தொகைதான். அதுவும் முடியாதவர்களை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புகிறேன். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் எல்லோருக்கும் அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார். நீங்களும் போகலாம். பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

என் அண்ணன் தையல்காரர். லாரி மோதி வலது கையில் நரம்பு போய்விட்டது. மெடிக்கல் போர்டு 35 சதவீதம் என்று எழுதிவிட்டது. ‘அவ்வளவுதான், 35-க்கு உண்டானதுதான் கிடைக்கும்’ என்கிறார்கள். ஆனால் அவரால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லையே சார்?
(வாசகர், மளிகைக் கடை ஊழியர்)

இந்த வாரம் வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மெடிக்கல் போர்டு எழுதுவது உடம்பின் ஊனம். கோர்ட் பார்க்க வேண்டியது பிழைப்பின் ஊனம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு கொடுத்த உதாரணத்தைக் கேளுங்கள். ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ இடது கை போய்விட்டால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட நூறு சதவீதமும் போய்விட்டது என்று அர்த்தம். அதே கை ஒரு அரசு அலுவலக எழுத்தருக்குப் போனால் அவருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது அந்த வேலையில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, வேறு வேலை பார்த்துப் பிழைக்க முடியுமா, இவற்றைத் தீர்ப்பாயம் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

கணக்கில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பாருங்கள். உங்கள் அண்ணனுக்கு 34 வயது, மாதம் 12,000 ரூபாய் வருமானம் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டதாக வைப்போம். 40 வயதுக்குக் கீழே, சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டுவார்கள், இது பிரணாய் சேத்தி வழக்கில் 2017-இல் வந்த கணக்கு. மாதம் 16,800, வருடத்துக்கு 2,01,600. இதை வயதுக்குத் தகுந்த எண்ணால் பெருக்குவார்கள், 31 முதல் 35 வயதுக்கு அது 16, சர்லா வர்மா வழக்கில் 2009-இல் வந்த பட்டியல். மொத்தம் 32,25,600. இதில் 35 சதவீதம் என்றால் 11,28,960 ரூபாய். பிழைப்பில் 80 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் 25,80,480 ரூபாய். பதினான்கரை லட்ச வித்தியாசம். கை அதே கைதான்.

இதோடு ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனை, இனி செய்ய வேண்டிய சிகிச்சை எல்லாம் தனி.

நிரூபிப்பது எப்படி? சில வருடம் முன்பு எனக்கு ஒரு கொத்தனார் கட்சிக்காரர். மணிக்கட்டில் அடி, சர்டிபிகேட்டில் சின்ன சதவீதம்தான். குறுக்கு விசாரணையில் கம்பெனி வக்கீல் நல்ல கெட்டிக்காரத்தனமாகக் கேட்டார். சட்டை பட்டன் போட முடிகிறதா? முடிகிறது. சாப்பிட முடிகிறதா? முடிகிறது. கையெழுத்து போட்டிருக்கிறீர்களே? ஆமாங்க. நேர்மையான மனுஷன், எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டார். அவரை நான் முந்தின நாளே அவருடைய கரணையை எடுத்துவரச் சொல்லியிருந்தேன், துணிப்பையில் சுற்றி வைத்திருந்தார், சிமெண்ட் காய்ந்து ஒட்டிய பழைய கரணை. மறு விசாரணையில் நீதிபதி அனுமதியோடு அதைக் கையில் கொடுத்து, சாந்து எடுக்கிற மாதிரி ஒரு தடவை திருப்புங்கள் என்றேன். விரல்கள் பாதி மடங்கின, மணிக்கட்டு திரும்பவில்லை, கரணை கூண்டுக் கட்டையில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் குனிந்து இடது கையால் எடுத்தார். நீதிபதி அதைச் சாட்சியத்தில் பதிவு செய்யச் சொன்னார். நான் அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உங்கள் அண்ணன் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை. சர்டிபிகேட்டை நன்றாகப் படியுங்கள். அந்தக் கைக்கு மட்டும் 35 சதவீதமா, உடம்பு முழுவதற்கும் 35 சதவீதமா என்று பாருங்கள். இந்த ஒரு வார்த்தையைக் கவனிக்காமல் கோட்டைவிட்ட வழக்குகள் நிறைய. வருமானத்துக்குச் சீட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம், கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரி வழக்கில் எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் எடுத்துக்கொண்டது. இருந்தாலும் வாடிக்கையாளர் அளவு எழுதிய நோட்டு, நூல் வாங்கிய பில், மெஷின் வாங்கிய ரசீது, என்ன கிடைக்கிறதோ எல்லாம் தேடி எடுங்கள்.

அம்மா வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தார். அவர் இறந்ததற்கு வருமான இழப்பு கேட்க முடியுமா?
(கல்லூரி மாணவி)

முடியும். ‘வீட்டில்தான் இருந்தார்’ என்ற வார்த்தையை மட்டும் வக்கீலிடம் சொல்லும்போது மாற்றிக்கொள்ளுங்கள். காலை ஐந்து மணியிலிருந்து அம்மா என்னென்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். இல்லத்தரசிக்கு ஒரு வருமானத்தை மதிப்பிட்டு, அதற்கு எதிர்கால உயர்வையும் சேர்க்க வேண்டும் என்று கீர்த்தி வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வீட்டு வேலையே தங்கள் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி, ஆண்கள் 57.9 லட்சம். நீங்கள் கேட்பது ஒன்றும் சலுகை இல்லை.

உங்கள் தொழிலில் நீங்கள் செய்த தவறு ஏதாவது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
(ஓய்வுபெற்ற ஆசிரியர்)

உண்டு சார். நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ. ஸ்கூட்டரில் போன ஒரு பெண், தொடை எலும்பு முறிவு, பிளேட் வைத்திருந்தார்கள். லோக் அதாலத்துக்கு (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) வழக்கு வந்தது. கம்பெனி ஒரு தொகை சொன்னது, எனக்கு அது நல்ல தொகையாகப் பட்டது, அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் கடன் நெருக்கடி, ராஜி பண்ணிவிட்டோம். நான் அன்று இரண்டு வழக்கு முடித்த சந்தோஷத்தில் வீட்டுக்குப் போனேன்.

பதினொரு மாதம் கழித்து அப்பா வந்தார். பிளேட்டை எடுக்க வேண்டுமாம், எலும்பு சரியாகக் கூடவில்லை, இன்னொரு ஆபரேஷன் செய்து எலும்பு வைத்துக் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ‘அந்தச் செலவை எப்படி சார் வாங்குவது?’ என்று கேட்டார். வாங்க முடியாது. லோக் அதாலத்தில் ராஜியானால் அதுதான் இறுதி, மேல்முறையீடு கிடையாது, சட்டமே அப்படித்தான். அடுத்த சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தால் அந்தத் தொகையையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். ஒரு கடிதம். நான் வாங்கவில்லை, வாங்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, சரிங்க சார் என்று எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலாம்.

அன்றிலிருந்து உடம்புக்குள் பிளேட்டோ ஸ்க்ரூவோ இருக்கும் எந்தக் கட்சிக்காரரையும் டாக்டர் கடிதம் இல்லாமல் ராஜிக்கு உட்கார விடுவதில்லை. லோக் அதாலத் கெட்டது என்று நான் சொல்லவில்லை, பத்து வருடம் இழுக்க வேண்டியதை ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறது. காயம் ஆறும் முன்பே போய் உட்காராதீர்கள் என்கிறேன்.

வக்கீல் போனை எடுப்பதில்லை. வாய்தா எப்போது என்றுகூடச் சொல்வதில்லை. மாற்றலாம் என்றால், ‘ஃபீஸ் பாக்கியைக் கொடு, அப்புறம்தான் கட்டைத் தருவேன்’ என்கிறார்.
(வாசகர், ஆட்டோ ஓட்டுநர்)

கட்டு உங்களுடையது. ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கட்சிக்காரரின் காகிதங்களைப் பிடித்து வைக்க முடியாது என்று 2000-ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையென்றால் அவர் அதற்குத் தனியாக வழக்கு போட்டுக்கொள்ளலாம். எழுத்தில் கேளுங்கள், கொடுக்கவில்லை என்றால் மாநில பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

வாய்தா தேதியைத் தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டாம், இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் வந்துவிடும். ஆனால் ஒன்று, எங்கள் ஆட்களுக்காகவும் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ‘சார், இன்னும் எவ்வளவு நாள்?’ என்று தினமும் போன் பண்ணும் கட்சிக்காரருக்கு எங்களிடம் உண்மையில் பதில் இருக்காது. பதில் இல்லாத கேள்விக்குப் பயந்து போனை எடுக்காமல் விடுவது வக்கீல்களின் பழைய வியாதி. நான் வைத்துக்கொண்ட வழி, வாய்தா நடந்த அன்று மாலையே குமாஸ்தா ஒரு வரி குரல் செய்தி அனுப்பிவிடுவார். ‘இன்னைக்கு எதிர்த்தரப்பு டைம் கேட்டாங்க, அடுத்தது இந்தத் தேதி.’ ஒன்றும் நடக்காவிட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் போன் பாதியாகக் குறைந்தது.

தோற்கும் என்று தெரிந்த வழக்கை எடுப்பீர்களா? பொய் வழக்கு என்று தெரிந்தால்?
(வாசகர், இன்சூரன்ஸ் முகவர்)

முதல் கேள்விக்கு, தோற்கும் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டு எடுப்பேன். இரண்டாவதுக்கு, மாட்டேன்.

ஒரு உதாரணம். கோயிலுக்குக் குட்டியானையில் கும்பலாகப் போகிறார்கள், வண்டி கவிழ்கிறது. அது சரக்கு வண்டி. சும்மா ஏறிப் போனவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2003-இலிருந்து சட்டம் உறுதியாக இருக்கிறது. ஆனால் வண்டியில் இருந்த சரக்குக்குச் சொந்தக்காரர் கூடப் போனால் அவருக்குக் காப்பீடு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு வந்த ஒரு அம்மா கேட்டார், ‘வண்டியில என் வீட்டுக்காரர் வாழைக்காய் ஏத்திட்டுப் போனார்னு எழுதிடுங்க சார்.’ கேட்டது தப்பு என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்கிறார். முடியாது என்று மட்டும் சொன்னேன். வண்டி உரிமையாளர் மீது வழக்கு நடத்தினோம், தீர்ப்பு வந்தது. ஆனால் அவருக்கு அந்த வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை. வந்தது தீர்ப்புத் தொகையில் சின்னப் பங்குதான். வாழைக்காய் என்று எழுதியிருந்தால் முழுசாக வந்திருக்குமோ என்று அந்த அம்மா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கலாம், நினைக்க அவருக்கு உரிமை உண்டு.

மோதிய வண்டி தெரியாமல் போய்விட்டால், இன்சூரன்ஸ் உள்ள உறவினர் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்துவது இன்னொரு வேலை. உத்தரப் பிரதேசத்தில் இந்த மாதிரி போலி மனுக்களை விசாரிக்கத் தனிக் குழுவே போட்டு, வக்கீல்கள் மீதே வழக்கு பாய்ந்து, 2021-இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒரு பொய் வழக்கு பிடிபட்டால் அடுத்து வருகிற பத்து உண்மையான வழக்கையும் கம்பெனி சந்தேகத்தோடு இழுக்கும், அதுதான் எனக்கு எரிச்சல். வண்டி எது என்றே தெரியாத விபத்துக்கு அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்பு 25,000-மும் 12,500-மும்தான். விண்ணப்பத்தை வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வக்கீலே தேவையில்லை.

மனு போட காலக்கெடு உண்டா?
(வாசகர்)

விபத்து நடந்து ஆறு மாதம். 1994-இல் எடுத்துவிட்ட வரம்பை 2019 திருத்தத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள், 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருப்பதால், காலம் கடந்தது என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. இடைக்காலம் என்ற வார்த்தையைக் கவனியுங்கள், அதை நம்பிக்கொண்டு உட்காராமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்.

சட்டம் இறுதி ஆண்டு படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர ஆசை. வீட்டில் ‘அதில் மரியாதை இல்லை’ என்கிறார்கள். சம்பாதிக்க முடியுமா?
(சட்டக் கல்லூரி மாணவர்)

முடியும், மெதுவாக. முதல் நான்கைந்து வருடம் பெட்ரோல் காசுக்கே திண்டாட்டம், அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணமாவது குறைந்திருக்கிறது, 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் 125-க்கு மேல் கூடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் காலத்தில் அதற்கே கடன் வாங்கினோம்.

சட்டம் படிப்பதைவிட இதில் ஆஸ்பத்திரிக் காகிதம் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) ‘பைக்கில் இருந்து தானாக விழுந்து’ என்று யாரோ அவசரத்தில் எழுதியிருப்பார்கள், அந்த ஒரு வரியை வைத்து இரண்டு வருடம் கழித்துக் கம்பெனி உங்களைக் கவிழ்க்கும். எஃப்.ஐ.ஆர்., ஸ்தலப் படம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்டியில் அடிபட்ட இடம் எது, சாலையில் எந்தப் பக்கம் என்று பொருத்திப் பாருங்கள். சம்பவ இடத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போங்கள். போலீஸ் ஸ்கெட்சில் நேர்கோடாக இருக்கும் சாலை நேரில் போனால் வளைவாக இருக்கும், வளைவில் ஒரு புளியமரம் இருக்கும், அதுதான் உங்கள் வழக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனி பேனலில், அதாவது கம்பெனிக்காக வாதாடும் வக்கீல்கள் பட்டியலில், சேர்ந்தால் நிலையான வருமானம் வரும், அதுவும் கௌரவமான வேலைதான், நான் மதிக்கும் சில வக்கீல்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஒரே வழக்கில் இந்தப் பக்கம் ஆலோசனை சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மரியாதை பற்றி வீட்டில் கேட்டால், ஒரு நாள் உங்கள் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

தீர்ப்பு வந்ததும் உங்கள் வேலை முடிந்துவிடுமா? அப்புறம் கட்சிக்காரர்கள் நினைவில் இருப்பார்களா?
(வாசகி)

தீர்ப்பு வந்த அன்று கட்சிக்காரர் ஸ்வீட் வாங்கி வருவார். நான் வாங்கிக்கொள்வதில்லை, பணம் வங்கியில் ஏறட்டும் என்பேன். மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் இருக்கிறது, கம்பெனி போனால் மறுபடி உயர் நீதிமன்றம். போகாவிட்டாலும் பணத்தைக் கட்ட வைக்க நிறைவேற்று மனு போட வேண்டிவரும். கட்டிய பிறகும் கோர்ட்டிலேயே கேட்பாரில்லாமல் கிடக்கும் பணம் உண்டு, வீடு மாறிப்போன விதவை, பாஸ்புக்கில் பெயர் தப்பாக இருக்கும் கிழவர். இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025-இல் உத்தரவு போட்டிருக்கிறது, நல்ல விஷயம். அதனால் ஆதார், பாஸ்புக், மனு மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். இனிஷியல் மாறியதற்காக எட்டு மாதம் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

மைனர் பிள்ளைகளின் பங்கு பதினெட்டு வயதுவரை வங்கியில் டெபாசிட்டாக இருக்கும். அதனால் சில வழக்குகள் எங்கள் அலமாரியில் பதினைந்து வருடம்கூடத் தூங்கும். போன வருடம் ஒரு பையன் வந்தான். அப்பா இறந்தபோது நாலு வயது, அம்மா இடுப்பில் உட்கார்ந்து என் மேஜையில் இருந்த ஸ்டாம்ப் பேடைத் திறந்து கையெல்லாம் மை ஆக்கிய பையன். இப்போது என்னைவிட உயரம். பணம் எடுக்கும் மனுவில் கையெழுத்து போட்டான், முதல் கையெழுத்து போல, யோசித்து யோசித்து. போட்டு முடித்துவிட்டு, ‘சார், அந்தப் பழைய கட்டைப் பார்க்கலாமா?’ என்றான்.

குமாஸ்தா எடுத்துக் கொடுத்தார். எஃப்.ஐ.ஆரை அவன் படிக்கவில்லை, திருப்பிவிட்டான். அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ் நகலில் நின்றான். அதில் ஒரு மங்கலான போட்டோ, கீழே கையெழுத்து. வீட்டில் அப்பா கையெழுத்து போட்ட காகிதம் ஒன்றும் இல்லையாம். ‘இதை ஒரு போட்டோ எடுத்துக்கவா?’ என்று கேட்டான். எடுத்துக்கொள் என்றேன், வெளிச்சம் போதவில்லை என்று கட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான்.